காற்றைத் திருப்பிவிட்ட டீச்சர்

அறுநூற்றுப் பதினொன்று. கண்ணாடியைச் சேலைத் தலைப்பில் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி போனைப் பார்த்தேன், என் வீடியோவைப் பார்த்தவர்கள் அதே அறுநூற்றுப் பதினொன்றுதான். ஒன்பதாம் வகுப்பு ஆ பிரிவில் பெண்கள் முப்பத்துநான்கு பேர், ஆளுக்கு ஒரு தரம் பார்த்தால் முப்பத்துநான்கு, இரண்டாம் தரம் பார்க்கிற அக்கறையும் இருந்தால் அறுபத்தெட்டு, போட்டுவிட்டு நானே திரும்பத் திரும்பப் பார்த்தது ஒரு இருபது இருக்கும், என் வீட்டுக்காரர் ராமாமிர்தம் தூங்கி வழிந்துகொண்டே ஒரு தரம் பார்த்தார், ஆக எப்படிக் கூட்டினாலும் நூறைத் தாண்ட வழியில்லை, அப்படியானால் மீதி ஐநூறு பேர் யார், அவர்களுக்கு நிலக்காற்றும் கடற்காற்றும் எதற்கு, அதுவும் சமையலறைக் கதவில் நாள்காட்டித் தாளைத் திருப்பி ஒட்டி ஸ்கெட்ச் பேனாவால் படம் போட்டு, மங்கையர்க்கரசி என்கிற ஐம்பத்துநான்கு வயது சமூக அறிவியல் ஆசிரியை ஆறு நிமிடம் நாற்பது விநாடி பேசுவதைப் பார்க்க அவர்களுக்கு என்ன தலையெழுத்து. சிரிக்கத்தான் பார்த்திருப்பார்கள். வேறு என்ன. ஒருத்தி பார்த்துச் சிரித்து அடுத்தவளுக்கு அனுப்பி, அவள் அவளுடைய அண்ணனுக்கு அனுப்பி, அவன் அவனுடைய கல்லூரிக் கும்பலுக்கு அனுப்பி. மூன்றாவது பீரியட் எனக்கு ஓய்வு, ஆசிரியர் அறையில் மின்விசிறி சுற்றுகிறது, எதிரே கணக்கு டீச்சர் ஷகிலா பானு நோட்டுத் திருத்துகிறாள், நான்காவது பீரியட் எனக்கு அந்த ஆ பிரிவோடு, அதுவும் ஸ்மார்ட் போர்டு அறையில், வாழ்க்கையில் முதல் தரம். இன்னும் முப்பத்தைந்து நிமிடம்.

தலைமையாசிரியர் கலியபெருமாள் சாரிடமிருந்து காலையில் ஒரு சேதி வந்தது, அதையும் இன்னொரு தரம் எடுத்துப் பார்த்தேன். 'மங்கை டீச்சர், மத்தியானம் சாப்பாட்டுக்கு முன்னாடி ரூமுக்கு வாங்க. உங்க வீடியோ விஷயமா ஒரு போன் வந்துச்சு.' அவ்வளவுதான். அந்த மனிதர் நாளை மழை விடுமுறை என்று அனுப்பினாலும் கடைசியில் ஒரு ரோஜாப்பூ வைப்பார், தேர்வுப் பணிப் பட்டியலுக்கும் ரோஜாப்பூ, சத்துணவுக் கூடத்தில் தண்ணீர் வரவில்லை என்பதற்கும் ரோஜாப்பூ, இதற்கு மட்டும் பூ இல்லை. பூ இல்லாத சேதி. போன் வந்தது என்றால் யாரிடமிருந்து, மேலே இருந்தா, பெற்றோரிடமிருந்தா, அந்த வீடியோவில் அப்படி என்ன சொல்லிவிட்டேன், பகலில் நிலம் சீக்கிரம் சூடாகும், கடல் மெதுவாகச் சூடாகும், நிலத்துக்கு மேலே இருக்கிற காற்று சூடாகி எழும்பும், அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று வரும், இதில் யார் மனசு புண்படும், சூரியன் மனசா. மூன்றாவது நிமிடத்தில் ராமாமிர்தத்தின் குரல் வருகிறது, உண்மைதான், குளியலறையிலிருந்து "மங்கை, துண்டு எங்க?" என்று, அதை எப்படி வெட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை, பயிற்சியில் சொல்லித்தான் கொடுத்தார்கள், கத்தரிக்கோல் படம் போட்ட இடத்தைத் தொடணும் என்று, முன்னே ஒரு தரம் தொட்டேன், முழு வீடியோவும் காணாமல் போனது, அது ஏழாவது தடவை எடுத்த வீடியோ, அப்புறம் எட்டாவது, ஒன்பதாவது, ஒன்பதாவதில்தான் துண்டு. ஒன்பது தடவை கடற்காற்று வீசவைத்த பிறகு ஒரு மனுஷிக்குத் துண்டாவது போர்வையாவது, இருக்கட்டும் என்று போட்டுவிட்டேன்.

அந்தப் பயிற்சி. ஐந்து நாள், மாவட்டத் தலைநகரில், ஏசி போட்ட கூடத்தில், நாங்கள் அறுபது பேர், முழங்கால் வலிக்காரர்கள் முன்வரிசையில். 'கலப்பு வழிக் கற்றல்' என்று திரையில் பெரிதாகப் போட்டதும் எனக்குப் பக்கத்தில் இருந்த டீச்சர் "கலப்படம்னு படிச்சுட்டேன்" என்று என் காதில் சொன்னாள், இரண்டு பேரும் முந்தானையைக் கடித்துக்கொண்டு சிரித்தோம். பயிற்சி கொடுக்க வந்தவள் ஜான்சி, முப்பது வயது இருக்கும், குதிரைவால் போட்டிருந்தாள். வீட்டில் பார்க்க ஒரு சின்ன வீடியோ, வகுப்பில் செய்ய ஒரு வேலை, சொல்லிக்கொடுப்பது வீட்டுக்குப் போகும், யோசிப்பது வகுப்புக்கு வரும், இவ்வளவுதான் டீச்சர், பயப்படாதீங்க என்றாள். எனக்கு அது பிடித்தது. பிடித்ததுதான் ஆச்சரியம். ஆனால் இரண்டாம் நாள் ஒரு கேள்வி கேட்டாள், என்னைப் பார்த்து நேராக, "நாப்பது நிமிஷ வகுப்புல நீங்க எத்தனை நிமிஷம் பேசுவீங்க டீச்சர்?" நான் நிமிர்ந்து உட்கார்ந்து "நாப்பதும்" என்றேன். கூடம் முழுக்கச் சிரித்தது, நானும் சிரித்தேன், ஜான்சி சிரிக்கவில்லை, "அப்ப பிள்ளைங்க எப்ப பேசுவாங்க?" என்று மட்டும் மெதுவாகக் கேட்டாள். பஸ்ஸில் ஊர் திரும்பி வருகிற வழியெல்லாம் அந்தக் கேள்வி கூடவே வந்தது, சீட்டில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, டிக்கெட் வாங்காமல். அப்ப பிள்ளைங்க எப்ப பேசுவாங்க. நான் மூச்சு விடும்போதுகூடப் பேச விட்டதில்லை. இருபத்தாறு வருடம், இந்தப் பள்ளியில் மட்டும் பதினோரு வருடம், இந்தக் கடலோரத்துப் பிள்ளைகளிடம் நான் பேசியதெல்லாம் ஒரே நீளமான வாக்கியம்.

ஏன் அப்படி ஆனேன் என்று எனக்குத் தெரியும். ஷகிலாவிடம்கூடச் சொன்னதில்லை. வேலையில் சேர்ந்த இரண்டாம் வருடம், வேறு ஊர், வேறு பள்ளி, எட்டாம் வகுப்பு, பூமி சுழல்வதைக் காட்டப் பூமி உருண்டையைச் சுற்றினேன், வேகமாகச் சுற்றிவிட்டேன், அது தண்டிலிருந்து கழன்று மேஜையில் குதித்து, தரையில் குதித்து, பெஞ்சுகளுக்கு நடுவே உருண்டு, வாசல் வழியாக வெளியே போய்ப் படியிறங்கி மைதானத்துக்குப் போய்விட்டது. நான் பின்னால் ஓடினேன். திரும்பி வந்தபோது வகுப்பு சிரித்துக்கொண்டிருந்தது, உலகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாசலில் நிற்கிறேன், நாற்பத்தைந்து பிள்ளைகள் நிறுத்தாமல் சிரிக்கிறார்கள், எனக்கு இருபத்தொன்பது வயது, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அதைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது, அது இன்னும் மோசம். மறுநாளிலிருந்து இடைவெளி விடாமல் பேச ஆரம்பித்தேன். இடைவெளி இருந்தால்தானே சிரிப்பு நுழையும். கேள்வி கேட்டு அவர்கள் பதில் யோசிக்கிற அந்த நாலு விநாடிகூடக் கொடுக்காமல் பதிலையும் நானே சொல்லி, அடுத்த பத்திக்குப் போய், மணி அடிக்கும்போது சரியாக முடித்து, டஸ்டரைத் தட்டிவிட்டு வெளியே வந்து. நல்ல டீச்சர் என்றுதான் பெயர், பாடம் முடித்துவிடுவார்கள் என்று. முடித்தேன், எல்லாப் பாடத்தையும் முடித்தேன். இன்றைக்கு அந்த ஸ்மார்ட் போர்டு அறையில் நான் செய்ய வேண்டியது பேசாமல் நிற்பது. ஜான்சி என் பாடத்திட்டத்தைப் பார்த்து "பத்து நிமிஷத்துக்கு மேல நீங்க பேசக் கூடாது டீச்சர்" என்று சிவப்பு மையில் எழுதிக் கொடுத்திருக்கிறாள். மீதி முப்பது நிமிடம். முப்பது நிமிடம் வாயை வைத்துக்கொண்டு என்ன செய்வது, கையை எங்கே வைத்துக்கொள்வது.

கையை. ஏதோ ஒன்று மனசில் இடறியது, என்ன என்று தெரியவில்லை, கை என்றதும் இடறியது. சரி, பாடத்துக்கு முன்னால் ஒரு தரம் பார்த்துவிடலாம் என்று சத்தத்தைக் குறைத்து வீடியோவை ஓடவிட்டேன். என் முகம் ஏன் இப்படி இருக்கிறது, கடையில் கேஸ் அடுப்பு வாங்குகிறவள் மாதிரி. வணக்கம் மாணவிகளே, அந்த வணக்கத்தை இன்னும் கொஞ்சம் மெதுவாகச் சொல்லியிருக்கலாம். நிலம் சூடாகிறது, சரி. துண்டு எங்க, சரி. காற்று எழும்புகிறது, சரி. நான்கு நிமிடம் பன்னிரண்டு விநாடி, "ஆகவே பகலில் கடலிலிருந்து நிலத்தை நோக்கிக் காற்று வீசுகிறது, இதுதான் கடற்காற்று" என்று சொல்லிக்கொண்டே என் கை நிலத்திலிருந்து கடலை நோக்கிப் போகிறது. நிறுத்தினேன். பின்னால் தள்ளினேன். மறுபடி ஓடவிட்டேன். வாய் கடலிலிருந்து என்கிறது, கை கரையிலிருந்து கிளம்பிக் கடலுக்குப் போகிறது, தெளிவாக, அழகாக, கோயில் மாட்டை ஓட்டுகிற மாதிரி விரலெல்லாம் விரித்து. ஒரு தரம் இல்லை, மூன்று தரம். எப்படி இது, நான் என்ன மூளை கெட்டவளா, நாற்பது விநாடியில் இந்தியப் படத்தைக் கரும்பலகையில் கை எடுக்காமல் போடுகிறவள், அப்புறம்தான் புரிந்தது, போனில் என்னை நானே பார்த்துக்கொண்டே பேசினேன், அது கண்ணாடி மாதிரி இடம் வலம் மாற்றிக் காட்டியது, தாளில் கடலை எந்தப் பக்கம் போட்டேன் என்ற நினைப்பில், அதில் சரியாகத் தெரியட்டும் என்று கை தானாக மாற்றிப் போயிருக்கிறது. ஒன்பது தடவை எடுத்தும் கண்ணில் படவில்லை. அறுநூற்றுப் பதினொரு பேர். அதுவும் இந்த ஊரில். படகுக்காரர்கள் ஊரில், காற்றை முகர்ந்து பார்த்துவிட்டுத் தொழிலுக்குப் போகிறவர்கள் ஊரில், பூகோள டீச்சர் காற்றைத் திருப்பி விட்டிருக்கிறாள்.

"ஷகிலா" என்றேன், போனை அவளிடம் நீட்டினேன். அவள் பேனாவைக் காதில் செருகிக்கொண்டு பார்த்தாள், நான்கு பன்னிரண்டு வந்தது, பார்த்தாள், பின்னால் தள்ளிப் பார்த்தாள், "அட அல்லாவே, கடக்காத்து இலங்கைக்குப் போகுது மங்கை" என்று சொல்லிவிட்டு மேஜையில் தலையைச் சாய்த்துச் சிரித்தாள், தோள் குலுங்கியது. எனக்கு அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன், வந்தது சிரிப்பு, இரண்டு நிமிடம் அவளோடு சேர்ந்து சிரித்தேன், சிரிப்பு நின்றதும் பயம் அங்கேயே உட்கார்ந்திருந்தது, எங்கும் போகாமல். "எடுத்துடு, இப்பவே எடுத்துடு, யாரு பாத்தா" என்றாள். "அறுநூத்திப் பதினோரு பேர் பாத்திருக்காங்க." அவள் கணக்கு டீச்சர் அல்லவா, "அறுநூத்திப் பன்னெண்டாவது ஆள் பாக்கக் கூடாதில்ல" என்றாள். குப்பைத்தொட்டிப் படம் எங்கே இருக்கிறது என்று எனக்கு நன்றாகத் தெரியும், ஏழு தடவை தவறுதலாகத் தொட்டிருக்கிறேன். தொட்டேன். நிரந்தரமாக நீக்கவா என்று கேட்டது. நிரந்தரமாக. எவ்வளவு பெரிய வார்த்தை. நீக்கிவிட்டால் கலியபெருமாள் சாரிடம் 'அப்படி ஒன்றும் இல்லையே சார்' என்று சொல்லலாம், இல்லை, சொல்ல முடியாது, அவருக்குப் போன் செய்தவர் பார்த்துவிட்டுத்தான் செய்திருப்பார். பிள்ளைகளிடம் என்ன சொல்வது, வீடியோவைப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று ஞாயிற்றுக்கிழமை வகுப்புக் குரூப்பில் கெஞ்சிவிட்டு, செவ்வாய்க்கிழமை அப்படி ஒரு வீடியோவே கிடையாது என்பதா, பார்த்தவள் ஏமாந்தவள், பார்க்காதவள் புத்திசாலி என்பதா. அடுத்த தரம் எவள் பார்ப்பாள். ஆனால் அங்கே போய் நின்றால் சிரிப்பார்கள். சிரிப்பார்கள்தான். கட்டை விரல் கண்ணாடிக்கு மேலே நிற்கிறது, வியர்க்கிறது, கண்ணாடி மங்குகிறது, மணி அடித்தது. வேண்டாம் என்பதைத் தொட்டேன். தைரியத்தில் தொட்டேனா, மணிச்சத்தத்தில் கை தவறித் தொட்டேனா, இப்போது கேட்டாலும் எனக்குத் தெரியாது.

ஸ்மார்ட் போர்டு அறை மாடியில், கடைசி. இரண்டு வருடமாகப் போர்டுக்குப் பூப்போட்ட படுக்கை விரிப்புதான் போர்த்தியிருந்தது, தூசு படக்கூடாதென்று. யாரும் தொடாமல் எல்லோரும் பத்திரமாக வைத்திருந்தோம். படியேறும்போது பின்னால் முப்பத்துநான்கு ஜோடிச் செருப்புச் சத்தம், வெளியே கழற்றிப் போடுகிற சத்தம், குசுகுசுப்பு, அதில் ஒரு சிரிப்பு, எதற்குச் சிரித்தாள், எனக்கா, இருக்காது, இருக்கும். விரிப்பை உருவினேன், பொத்தானை அழுத்தினேன், வெளிச்சம் வந்தது, "ஹை" என்றார்கள். பேனாவை எடுத்து எழுதினேன், எழுதவில்லை, அழுத்தி எழுதினேன், எழுதவில்லை, "மிஸ், பேனாவ தலைகீழா புடிச்சிருக்கீங்க" என்றாள் முதல் பெஞ்சுக்காரி. திருப்பிப் பிடித்தேன், எழுதியது. வழக்கமாக இந்த இடத்தில் நான் 'அமைதி' என்று சொல்லிவிட்டுப் பாடத்துக்குள் குதித்துவிடுவேன், ஒருத்தருக்கும் வழி விடாமல், நாக்கு அதற்குத் தயாராகப் பல்லுக்குப் பின்னால் வந்து நின்றுவிட்டது. விழுங்கினேன். திரும்பி அவர்களைப் பார்த்தேன். "நான் அனுப்பின வீடியோவுல ஒரு பெரிய தப்பு இருக்கு" என்றேன், "அது என்னன்னு கண்டுபிடிச்சவங்க கை தூக்குங்க." சொல்லிவிட்டு வாயை மூடினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, இவ்வளவு நீளமா நாலு விநாடி, இதைத்தானா இத்தனை வருடம் கொடுக்காமல் வைத்திருந்தேன், ஐந்து, ஆறு, ஒரு கை. இன்னொன்று. ஜன்னலோரம் மூன்று கை. அப்புறம் எண்ண முடியவில்லை. இருபத்தேழோ இருபத்தெட்டோ கைகள், வளையல் போட்டதும் மருதாணி அழிந்ததும் மை ஒட்டியதும், எல்லாம் மேலே. பார்த்திருக்கிறார்கள். பார்த்திருக்கிறார்கள்! சிரிப்பு ஆரம்பித்தது, முதலில் வாய்க்குள், பிறகு வெளியே, நான் வாசலைப் பார்த்தேன், ஓடுவதற்கு அல்ல, பழக்கத்தில், அதற்குள் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. "சொல்லுங்க, சொல்லுங்க" என்றேன். "மிஸ், உங்க வாய் கரெக்டு, உங்க கைதான் மிஸ் தப்பு!" என்று மூன்று பேர் ஒன்றாகக் கத்தினார்கள்.

கடைசிப் பெஞ்சில் இலக்கியா எழுந்து நின்றாள். ஜூன் மாதத்திலிருந்து அந்தப் பெண் வருகைப்பதிவுக்கு உள்ளேன் என்று சொல்வதைத் தவிர வேறு குரல் நான் கேட்டதில்லை, உயரமானவள், எழுந்தால் பாதியில் குனிந்துகொள்வாள், இன்று குனியவில்லை. "மிஸ், நான் சொல்லட்டுமா. எங்க வீட்டுல ஒரு போன்தான், அப்பாவுது. அப்பா சாப்டுகிட்டே பாத்தாரு. உங்க கை போனதும் புரையேறிடுச்சு." வகுப்பு சிரித்தது. "அப்பறம் நிறுத்தி நிறுத்திப் பாத்துட்டு, இந்த டீச்சர் சொல்றது அச்சு அசல் நம்ம காத்து, புத்தகத்துல இதெல்லாம் இருக்கான்னு கேட்டாரு. நான் புத்தகத்த எடுத்துக் காட்டுனேன். படகு குரூப்புல போட்டுட்டாரு மிஸ்." படகு குரூப்பில் எத்தனை பேர் என்று கேட்டேன். "எல்லாப் படகும் மிஸ்." ஐநூறு பேர். கல்லூரிக் கும்பல் இல்லை, யாருடைய அண்ணனும் இல்லை, கடலுக்குப் போகிறவர்கள், அவர்களுடைய வீட்டுக்காரிகள், வலை பின்னிக்கொண்டு, மீன் கூடையைக் கழுவிவிட்டு, சாப்பிட்டுக்கொண்டு, சமையலறைக் கதவில் ஒட்டிய என் நாள்காட்டித் தாளைப் பார்த்திருக்கிறார்கள். "நீ வந்து சரியா போட்டுக் காட்டு" என்று பேனாவை நீட்டினேன். வந்தாள். கடல் போட்டாள், கரை போட்டாள், ஒரு படகு போட்டாள். "விடியக்காலம் மூணு மணிக்குப் போறப்ப நெலத்துலேர்ந்து காத்து, முதுகுல தள்ளும். பதினோரு மணிக்குத் திரும்புறப்ப கடல்லேர்ந்து காத்து, அப்பவும் முதுகுலதான் தள்ளும். போறப்பவும் முதுகு, வர்றப்பவும் முதுகு மிஸ்." அம்புக்குறி போட்டாள், இரண்டும் சரி.

இத்தனை வருடமாக நிலக்காற்று, கடற்காற்று என்று இரண்டு பத்தி சொல்லிக்கொடுத்திருக்கிறேன், இரவில் எதிர்த்திசை, பகலில் இத்திசை, மூன்று மதிப்பெண் கேள்வி, போறப்பவும் முதுகு வர்றப்பவும் முதுகு என்று ஒருநாள் எனக்குத் தோன்றியதில்லை. "அப்படின்னா ஏன் மத்தியானம் கெளம்ப மாட்டாங்க?" என்று ஒருத்தி கேட்டாள், என்னைக் கேட்கவில்லை, இலக்கியாவைக் கேட்டாள், பதில் என் நாக்கில் துடித்தது, ஜான்சியின் சிவப்பு மையை நினைத்துக்கொண்டு ஜன்னல் கம்பியைப் பிடித்தேன். "காத்து மூஞ்சியில அடிக்கும்ல" என்றாள் வேறொருத்தி, "படகு மெதுவாத்தான் போவும், டீசல் குடிக்கும்." இதற்குள் நாலைந்து பேர் போர்டுக்கு வந்துவிட்டார்கள், வடக்கே இருந்து வருவது வாடை என்று ஒருத்தி எழுதினாள், கிழக்கே கொண்டல், மேற்கே கச்சான், தெற்கே சோழகம், பச்சை நிறம் எனக்கு வேணும், நீ தள்ளு, என்று ஒரே இரைச்சல், சோழகத்துக்கு எந்த ழ என்று சண்டை, நான் தீர்த்து வைத்தேன், அது ஒன்றுதான் நான் செய்த வேலை. நடுவில் போர்டு உறைந்து நின்றது, முன்பெஞ்சுக்காரி சாவதானமாக எழுந்து போய் அணைத்துப் போட்டாள், மறுபடி வெளிச்சம் வருகிற வரைக்கும் அவர்கள் பேச்சு நிற்கவே இல்லை, போர்டு இல்லாததை அவர்கள் கவனித்த மாதிரியே தெரியவில்லை. மீன் கடைத்தெருவிலிருந்து வருகிற ஒருத்தி, வீட்டில் போனே இல்லாதவள், பக்கத்து வீட்டில் ஆறு பேராகச் சேர்ந்து பார்த்தோம் மிஸ் என்று வந்து என்னிடம் சொல்லிவிட்டுப் போனாள், பெருமையாக. கை தூக்காத அந்த ஆறேழு பேருக்கும் அப்படி ஒரு பக்கத்து வீடு பார்த்துக்கொடுக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். மணி அடித்தபோது ஒருவரும் எழுந்திருக்கவில்லை. பாடம் முடியவில்லை. என் வாழ்க்கையில் முதல் தரமாக ஒரு பாடத்தை முடிக்காமல் கீழே இறங்கினேன், படியில் எனக்கு நானே சிரித்துக்கொண்டே இறங்கினேன், எதிரே வந்த பியூன் வழிவிட்டு ஒதுங்கி நின்றார்.

அந்தச் சிரிப்பு கலியபெருமாள் சார் அறை வாசல் வரைக்கும்தான். பூ இல்லாத சேதி. உள்ளே அவர் சாப்பாட்டுத் தூக்கைத் திறக்காமல் மேஜைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "உக்காருங்க டீச்சர்." நானே முந்திக்கொண்டேன், "சார், நாலாவது நிமிஷத்துல என் கை தப்பா போயிடுச்சு, கண்ணாடி மாதிரி தெரிஞ்சதுல, நான் வேணும்னு—" "எந்தக் கை?" என்றார். அவர் பார்க்கவேயில்லை. அவருக்குப் போனில் வீடியோவை ஓட்டத் தெரியாது என்று அப்போதுதான் புரிந்தது, சேதியைக்கூட இன்றைக்கு எழுத்தர் பையனில்லாமல் தானே தட்டினாராம், பூ எங்கே இருக்கிறது என்று கிடைக்கவில்லையாம். நான் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தேன். "மீனவர் பஞ்சாயத்துலேர்ந்து போன் பண்ணாங்க டீச்சர். ஐப்பசி வருது. ஒவ்வொரு வருஷமும் இந்த மாசம் போன்ல பொய்ச் சேதியா வருதாம், நாளைக்கு ராத்திரி பெரும்புயல், ஊரே போயிரும்னு. போன வருஷம் அத நம்பி நாலு நாள் ஒருத்தரும் தொழிலுக்குப் போகலையாம். அப்பறம் நெஜ எச்சரிக்கை வந்தப்ப இதுவும் பொய்னு ரெண்டு படகு கெளம்பிடுச்சு, ஆளுங்க பொழச்சு வந்ததே பெருசு. தாழ்வுநிலைன்னா என்ன, புயல்னா என்ன, எத நம்பணும், எத நம்பக்கூடாது, காத்து டீச்சர் ஒரு வீடியோ போடுவாங்களான்னு கேக்குறாங்க." காத்து டீச்சர். எனக்கு ஒரு பெயர் வைத்துவிட்டார்கள். வாயைத் திறந்தேன், போடுகிறேன் சார் என்று சொல்ல, தாழ்வுநிலை எனக்குத் தெரியும், காற்றழுத்தம் தெரியும், எந்தச் செய்தியை எங்கே சரிபார்க்க வேண்டும் என்று தெரியும், ஆனால் கடலுக்குள் நிற்கிறபோது வானம் எந்த நிறமாக மாறும், அலை எப்படிச் சத்தம் போடும், எப்போது திரும்ப வேண்டும், அது தெரியாது. "நான் பாதிதான் சார் பேசுவேன்" என்றேன், "மீதிப் பாதிக்கு எனக்கு ஒரு ஆள் வேணும்."

இலக்கியாவின் அப்பா எண் வருகைப்பதிவேட்டில் இருந்தது. அவர் பெயர் அஞ்சப்பன். தலைமையாசிரியர் அறைக்கு வெளியே, வேப்ப மரத்தடியில் நின்று அழைத்தேன், யாரோ ஒரு பெற்றோருக்கு நான் போன் செய்வதென்றால் இதுவரைக்கும் பிள்ளை மதிப்பெண் குறைந்துவிட்டது என்று சொல்லத்தான். எடுத்தார். பின்னால் அலைச்சத்தம், யாரோ கயிறு இழுக்கச் சொல்லிக் கத்துகிறார்கள். "டீச்சரா? எம்பொண்ணு எதாவது பண்ணிட்டாளா டீச்சர்?" என்றார் பதறி. "பண்ணுனா. இன்னிக்கு வகுப்பே அவதான் எடுத்தா" என்றேன். "அவளா? அவ வீட்டுலயே பேச மாட்டாளே." "எங்கிட்டயும் பேசுனதில்லைங்க. இன்னிக்கு நான் பேசாம இருந்தேன், அவ பேசுனா." பிறகு விஷயத்தைச் சொன்னேன், நான் தாழ்வுநிலையைச் சொல்கிறேன், நீங்கள் கடலைச் சொல்லுங்கள், வெள்ளிக்கிழமை தொழில் கிடையாதாமே, சாயங்காலம் நானே கரைக்கு வந்துவிடுகிறேன், போனை நான் பிடித்துக்கொள்கிறேன். "ஐயோ டீச்சர், அதெல்லாம் எனக்கு வராது, நாலு பேரு பாத்துச் சிரிப்பாங்க" என்றார், நாற்பது நாற்பத்தைந்து வயது ஆம்பளை, விடியக்காலம் மூன்று மணிக்கு இருட்டில் படகைத் தள்ளிக்கொண்டு போகிறவர், குரல் அப்படியே சுருங்கிவிட்டது. "சிரிக்கட்டுங்க" என்றேன், "சிரிச்சுட்டு முழுசா பாக்குறாங்க, நான் கண்ணால பாத்தேன்." அவர் யோசித்தார். நான் பேசவில்லை. வேப்ப இலை ஒன்று தோளில் விழுந்தது, தட்டிவிடாமல் காத்திருந்தேன், அவசரமே இல்லை எனக்கு. கடைசியில் தொண்டையைச் செருமிக்கொண்டு, தணிந்த குரலில், பக்கத்தில் இருக்கிறவர்களுக்குக் கேட்காமல் கேட்டார், "டீச்சர், சட்டை போட்டுக்கிட்டுதான் பேசணுமா?"